ஆப்பிரிக்கத் தத்துவம்: சாட்சிக் கூண்டிலிருந்து கணினித் தரவு வரை

1986 டிசம்பர் 20 அன்று கென்யத் தலைநகர் நைரோபியின் பெயர்பெற்ற குற்றவியல் வழக்கறிஞர் எஸ்.எம். ஒட்டியேனோ இறந்துபோனார். உடலை எங்கே புதைப்பது என்பதில் தகராறு மூண்டது. அவர் லுவோ இனத்தவர். மனைவி வாம்புயி கிக்குயு இனத்தவர். நைரோபிக்குப் பக்கத்தில் தங்களுக்கு இருக்கும் நிலத்தில்தான் அடக்கம் செய்ய வேண்டும், கணவரின் ஆசையும் அதுவே என்று மனைவி உறுதியாக நின்றார். லுவோ ஆணுக்கு நகரத்தில் இருப்பது தங்குமிடம் மட்டுமே, வீடு என்றால் அது மூதாதையர் மண்ணில் இருப்பதுதான் என்று ஒட்டியேனோவின் உமிரா காகெர் குலத்தார் வாதாடினார்கள். வழக்கு உயர் நீதிமன்றத்துக்கும் மேல்முறையீட்டுக்கும் போய் ஐந்து மாதம் இழுத்தது. அதுவரை உடல் பிணவறையில் கிடந்தது.

அந்த வழக்கில் சாட்சிக் கூண்டில் ஏறியவர்களில் ஒருவர் தத்துவப் பேராசிரியர்: நைரோபி பல்கலைக்கழகத்தின் ஹென்றி ஒடேரா ஒருக்கா. லுவோ வழக்கங்களை அறிந்த வல்லுநர் என்ற முறையில் அவரை விசாரித்தார்கள். தத்துவம் படித்தவருக்கு நீதிமன்றத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். சட்டப் பிரிவுகளையெல்லாம் விலக்கிப் பார்த்தால் அந்த வழக்கின் அடியில் கிடந்தது ஒரே கேள்விதான்: மனிதன் தனக்குச் சொந்தமா, தன் கூட்டத்துக்குச் சொந்தமா? தீர்ப்பு குலத்தின் பக்கம் போனது. 1987 மே 23 அன்று மேற்குக் கென்யாவின் நியால்குங்காவில் ஒட்டியேனோவைப் புதைத்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் கூட வாழ்ந்த மனைவியின் சொல்லை ஓரங்கட்டிய அந்தத் தீர்ப்பில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஆப்பிரிக்கத் தத்துவம் எதைப் பற்றிப் பேசுகிறது, ஏன் பேசுகிறது என்று புதிதாகக் கேட்பவருக்குக் காட்ட இதைவிடத் தெளிவான வழக்கு கிடைக்காது.

வளர்ச்சி என்ற பெயரில் எது வந்தாலும், அது அணையாக இருந்தாலும் சட்டமாக இருந்தாலும் செல்பேசிச் செயலியாக இருந்தாலும், அதற்குள் மனிதன் என்றால் யார் என்று ஓர் அனுமானம் உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலும் அந்த அனுமானம் வேறெங்கோ செய்யப்பட்டது. அதை வெளியே இழுத்துப்போட்டுக் கேள்வி கேட்பதைத்தான் ஆப்பிரிக்கத் தத்துவவாதிகள் மூன்று தலைமுறைகளாகச் செய்துவருகிறார்கள். அவர்கள் தங்களுக்குள் ஒத்துப்போவது அபூர்வம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

எது ஆப்பிரிக்கத் தத்துவம்?

சண்டை இங்கேயே தொடங்கிவிடுகிறது. பெல்ஜியன் காங்கோவில் பணியாற்றிய பிளாசிட் டெம்பெல்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் 1945-இல் பாண்டு மக்களின் தத்துவம் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஆப்பிரிக்கர்களுக்குச் சிந்தனையே கிடையாது என்று ஐரோப்பா சாதித்துக்கொண்டிருந்த காலம் அது. இல்லை, அவர்களுக்கு ஒழுங்கான உலகப் பார்வை உண்டு, உயிராற்றல்தான் அதன் மையம் என்றார் டெம்பெல்ஸ். பலர் மகிழ்ந்தார்கள். பெனின் நாட்டின் பவுலின் ஹூண்டோன்ஜி மகிழவில்லை. அந்தப் புத்தகம் யாருக்காக எழுதப்பட்டது என்று அவர் கேட்டார். ஐரோப்பியர் ஐரோப்பியருக்குச் சொல்கிறார். ஆப்பிரிக்கர் அதில் பேசுபொருள் மட்டுமே. ஒரு கண்டத்து மக்கள் அத்தனை பேரும் ஒரே மாதிரி நினைக்கிறார்கள், ஒருவரும் மற்றவரை மறுப்பதில்லை என்றால் அதைத் தத்துவம் என்று எப்படி அழைப்பது? பழமொழிகளையும் சடங்குகளையும் தொகுத்துத் தத்துவம் என்று பெயரிடும் இந்த வழக்கத்தை 1976-இல் வெளிவந்த தன் நூலில் அவர் சல்லடையாகத் துளைத்தார். தத்துவம் என்றால் பெயர் சொல்லி வாதாட ஓர் ஆள் வேண்டும், மறுத்துப் பேச இன்னோர் ஆள் வேண்டும் என்பது அவர் கட்சி.

அப்படியானால் எழுத்தறியாத கிராமத்துப் பெரியவருக்குத் தத்துவம் இருக்க முடியாதா? இந்த இடத்தில்தான் ஒருக்கா வருகிறார். ஒலிப்பதிவுக் கருவியோடு கென்யாவின் கிராமங்களுக்குப் போய்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசினார். கடவுள், மரணம், சமத்துவம், நீதி என்று எல்லாவற்றையும் கேட்டார். கேட்டதோடு நிற்காமல் குறுக்குக் கேள்வியும் போட்டார். ஊர் வழக்கத்தை அழகாக ஒப்பிப்பவர்கள் ஒரு வகை. ஊர் வழக்கத்தையே எடைபோட்டுப் பார்ப்பவர்கள் இன்னொரு வகை. ஆண் உயர்ந்தவன் என்று ஊரே சொல்லும்போது, பால் ம்புயா அகோகோ என்ற லுவோ பெரியவர் வேறு கணக்குச் சொன்னார்: ஆண் பெண்ணைவிட வேகமாக ஓடலாம், ஆனால் பிள்ளையைச் சுமந்து பெறும் வலிமை ஆணுக்கு இல்லை, பிறகு யார் உயர்த்தி யார் தாழ்த்தி? பல்கலைக்கழகத்தின் படியைக்கூட மிதிக்காத ஒருவர் காரணம் காட்டி வாதிடுகிறார். இதற்குத் தத்துவம் என்று பெயர் வைக்காமல் வேறென்ன வைப்பது என்பது ஒருக்காவின் கேள்வி. எனக்கு அவர் பக்கம்தான் சாய்வு.

மரங்களும் தோப்பும்

ஆப்பிரிக்கத் தத்துவத்தில் வெளியுலகம் அதிகம் கேள்விப்பட்டது மனிதன் பற்றிய வாதம். கென்யாவின் ஜான் ம்பிட்டி 1969-இல் எழுதிய வரி ஒன்று எல்லா இடத்திலும் மேற்கோளாகும்: நாம் இருப்பதால் நான் இருக்கிறேன்; நாம் இருப்பதாலேயே நான் இருக்கிறேன் என்று ஆகிறது. தென்னாப்பிரிக்காவின் சூலு மொழியில் இதற்கு நெருக்கமான பழமொழி 'உமுண்டு ங்குமுண்டு ங்கபண்டு'. மனிதன் மற்ற மனிதர்களால் மனிதனாகிறான் என்பது பொருள். இதற்குள் இருக்கும் பண்பைத்தான் உபுண்டு என்கிறார்கள்.

கேட்க இனிமையாக இருக்கிறது. அதனாலேயே நிறுவனங்களின் பயிலரங்குகளில் இதைச் சுவரில் ஒட்டிவைத்துத் தேய்த்துவிட்டார்கள். உள்ளே போனால் இனிமை குறைந்து சிக்கல் தொடங்குகிறது. நைஜீரியாவின் இஃபியானி மென்கிட்டி 1984-இல் இந்தக் கருத்தை அதன் எல்லை வரை இழுத்துப் பார்த்தார். பிறந்துவிட்டால் மட்டும் ஒருவர் முழு மனிதராகிவிடுவதில்லை, சமூகத்தில் தன் கடமைகளைச் செய்து செய்துதான் மனிதத்தன்மையைச் சம்பாதிக்கிறார் என்றார். அப்படியென்றால் அதைச் சம்பாதிக்கத் தவறவும் முடியும் என்றாகிறது. ஊரோடு ஒத்துப்போகாதவரை அரை மனிதராக நடத்தலாமா? மென்கிட்டிக்குச் சமூகம் முதலில், உரிமை பிறகு.

கானாவின் குவாமே ஜெச்சே இதை ஏற்கவில்லை. அவர் எடுத்துக்காட்டியது தன் அக்கான் மக்களின் பழமொழி ஒன்றையே: குலம் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் தோப்பு, பக்கத்தில் போனால் ஒவ்வொரு மரமும் தனித்தனியாக நிற்பது தெரியும். மனிதன் உறவுகளுக்குள் பிறக்கிறான், சரி. ஆனால் அந்த உறவுகளை எடைபோடவும் வேண்டாம் என்று விலகவும் அறிவுள்ளவன். எனவே சமூகத்துக்கும் உரிமைக்கும் இரண்டுக்கும் இடம் கொடுக்கும் மிதமான கூட்டுவாழ்வு என்பது ஜெச்சேயின் நிலைப்பாடு. ஒட்டியேனோ வழக்கை இந்த இருவரிடமும் கொடுத்திருந்தால் இரண்டு தீர்ப்பு வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சட்டப் புத்தகத்துக்குள் போன கதை

இந்த வாதம் சமூக வாழ்வில் நேரடியாக இறங்கியது தென்னாப்பிரிக்காவில். நிறவெறி ஆட்சி முடியும் தறுவாயில், 1993-இல் எழுதிய இடைக்கால அரசமைப்பின் இறுதிப் பகுதி, பழிவாங்கலுக்குப் பதிலாகப் புரிதலும் பதிலடிக்குப் பதிலாக இழப்பீடும் வேண்டும் என்று சொல்லி, உபுண்டு வேண்டும் என்று பெயர் குறிப்பிட்டே எழுதியது. ஒரு நாட்டின் அரசமைப்பில் ஆப்பிரிக்கத் தத்துவச் சொல் ஒன்று இடம்பிடித்தது சாதாரண விஷயமல்ல.

1995-இல் புதிய அரசமைப்பு நீதிமன்றத்தின் முன் மரண தண்டனை செல்லுமா என்ற வழக்கு வந்தது. நீதிபதிகள் 11 பேர். மரண தண்டனை செல்லாது என்று அத்தனை பேரும் ஒருமனதாகச் சொன்னார்கள். இவோன் மொக்கோரோ உள்ளிட்ட சிலர் தங்கள் தீர்ப்பில் உபுண்டுவை விரிவாக எடுத்தாண்டார்கள். கொலை செய்தவனும் மனிதன், அவனை அழிக்கும் அரசு தன் மனிதத்தன்மையையும் கொஞ்சம் அழித்துக்கொள்கிறது என்ற போக்கில் வாதம் போனது. அந்த நாட்டில் குற்றங்கள் மலிந்து, பொதுமக்களில் பெரும்பாலோர் தூக்குக் கயிறு வேண்டும் என்று நினைத்த நேரம் அது.

1996-இல் வந்த இறுதி அரசமைப்பில் உபுண்டு என்ற சொல் இல்லை. நீதிமன்றம் மட்டும் விடவில்லை. போர்ட் எலிசபெத்தில் ஒருவரின் காலி நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த 68 பேரை, அவர்களில் 23 பேர் குழந்தைகள், வெளியேற்ற வேண்டும் என்று நகராட்சி கேட்டது. சொத்துச் சட்டப்படி பார்த்தால் விடை எளிது: நிலம் அவர்களுடையதல்ல. 2004 அக்டோபர் 1 அன்று நீதிபதி ஆல்பி சாக்ஸ் எழுதிய தீர்ப்பு அந்த எளிய விடையை ஏற்கவில்லை. அந்த மக்களோடு நகராட்சி ஒழுங்காக உட்கார்ந்து பேசியதா, அவர்கள் போக வேறு இடம் பார்த்ததா என்று கேட்டது. உபுண்டுவின் உணர்வு அரசமைப்பு முழுவதிலும் ஊறியிருக்கிறது என்றும் சொன்னது. உரிமையாளர், ஆக்கிரமிப்பாளர் என்ற இரண்டு பெட்டிகளுக்குள் அடங்காத உறவு ஒன்றைச் சட்டம் பார்க்கத் தொடங்கிய தருணம் அது. வெளியேற்றம் அனுமதிக்கப்படவில்லை.

மறுபக்கமும் இருக்கிறது. பேராயர் டெஸ்மண்ட் டுட்டு தலைமையில் நிறவெறிக் காலக் குற்றங்களை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், குற்றத்தை முழுமையாக ஒப்புக்கொண்டவர்களுக்கு மன்னிப்பு வழங்க அதிகாரம் பெற்றிருந்தது. டுட்டு அதற்கு உபுண்டுவின் மொழியைப் பயன்படுத்தினார். காவலில் கொல்லப்பட்ட நிறவெறி எதிர்ப்புப் போராளி ஸ்டீவ் பீக்கோவின் குடும்பத்தார் இந்த மன்னிப்பு ஏற்பாட்டை எதிர்த்து 1996-இல் அரசமைப்பு நீதிமன்றம் வரை போனார்கள், தோற்றார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்குக் கடைசியில் கிடைத்தது ஆளுக்கு 30,000 ராண்ட், ஒரே தவணை. மன்னிப்புக் கிடைக்காதவர்கள் மீது தொடர வேண்டிய வழக்குகளில் பெரும்பாலானவை தூங்கின. அவற்றைத் தூங்கவைத்தது யார் என்று விசாரிக்க 2025-இல்தான் ஓர் ஆணையம் அமைத்தார்கள். உறவைச் சரிசெய்யச் சொல்லும் தத்துவம், கைக்கு அகப்பட்ட ஏழைகளிடம் மட்டும் பொறுமையைக் கேட்டதா? தென்னாப்பிரிக்க இளைஞர்கள் பலர் இன்று உபுண்டு என்றாலே முகம் சுளிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

டான்சானியாவில் நடந்தது

தத்துவத்தை அரசே கையில் எடுத்தால் என்னவாகும் என்பதற்கு ஜூலியஸ் நியரேரேயின் உஜாமா (சுவாஹிலியில் குடும்பத்தன்மை) உதாரணம். அவர் தத்துவப் பேராசிரியர் அல்லர். பள்ளி ஆசிரியராக இருந்து அதிபரானவர். பழைய ஆப்பிரிக்கக் குடும்பத்தில் எல்லோருக்கும் பங்கு உண்டு, எல்லோரும் உழைக்கவும் வேண்டும், இதை நாடு முழுவதற்கும் விரித்தால் அதுவே ஆப்பிரிக்க சோசலிசம் என்று 1962-லேயே எழுதினார். விருந்தாளிக்கு இரண்டு நாள் உபசாரம், மூன்றாம் நாள் கையில் மண்வெட்டியைக் கொடு என்ற சுவாஹிலிப் பழமொழியை அப்போது எடுத்துக்காட்டினார். பழைய சமூகத்தில் பெண்களின் நிலை தாழ்ந்திருந்தது என்பதையும் அவரே ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார். அந்த நேர்மைக்காக அவரை மதிக்கலாம்.

1967-இல் அருஷா பிரகடனம் இதை அரசின் கொள்கையாக்கியது. மக்கள் சேர்ந்து வாழும் கிராமங்களுக்குத் தாமாகவே வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். போதிய ஆட்கள் வரவில்லை. 1973-க்குப் பிறகு அது உத்தரவானது. லட்சக்கணக்கான குடும்பங்களை லாரியில் ஏற்றிச் சாலையோரம் இறக்கினார்கள். பல இடங்களில் திரும்பிப் போகாதபடி பழைய வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். தலைமுறைகளாகப் பழகிய மண் ஓரிடம், புதிய வயல் வேறிடம். எந்தச் சரிவில் எது விளையும் என்று அறிந்தவர்களின் அறிவு ஒரே நாளில் செல்லாக்காசானது. வறட்சியும் சேர்ந்துகொள்ள, நாடு தானியத்தை இறக்குமதி செய்ய வேண்டி வந்தது. எழுத்தறிவும் கிராமத்து மருத்துவ வசதியும் அந்தக் காலத்தில் வளர்ந்தன என்பது உண்மை. ஆனால் கூடி வாழ்வது மனிதனின் இயல்பு என்று சொன்ன அரசே மனிதனைக் கூடி வாழும்படி லத்தியால் அடித்தது. மென்கிட்டிக்கும் ஜெச்சேக்கும் இடையிலான வித்தியாசம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்கள் டான்சானியாவைப் படிக்க வேண்டும்.

கானாவின் குவாசி விரேடு இதற்கு அரசியல் மாற்று ஒன்றைச் சொல்லிப் பார்த்தார். வாக்கெடுப்பில் தோற்றவர்கள் ஐந்தாண்டுகள் வெறும் கையோடு உட்கார்ந்திருக்கும் கட்சி ஆட்சிக்குப் பதிலாக, எல்லோரும் இணங்கும்வரை பேசும் பழைய அசாந்தி மன்ற முறையைப் புதுப்பிக்கலாம் என்றார். அவர் காட்டிய உவமை, அக்கான் மக்களின் சின்னங்களில் ஒன்றான, இரண்டு தலையும் ஒரே வயிறும் கொண்ட முதலை. எந்த வாய் தின்றாலும் ஒரே வயிற்றுக்குத்தான் போகிறது என்று தெரியாமல் தலைகள் அடித்துக்கொள்கின்றன. வயிறு உண்மையில் ஒன்றுதானா என்று நைஜீரியாவின் இம்மானுவேல் எஸே திருப்பிக் கேட்டார். நல்ல கேள்வி.

தொழில்நுட்பத்துக்கு வருவோம்

2004 அக்டோபருக்குத் திரும்பலாம். போர்ட் எலிசபெத் தீர்ப்பு வந்த அதே மாதம் 20-ஆம் தேதி, தென்னாப்பிரிக்கரான மார்க் ஷட்டில்வொர்த்தின் முயற்சியில் உபுண்டு லினக்ஸ் இயங்குதளம் வெளியானது. கணினி வைத்திருக்கும் தமிழர்களில் பலர் உபுண்டு என்ற சொல்லை முதலில் பார்த்தது அங்கேதான். கேட்டவர்களுக்கெல்லாம் உலகெங்கும் குறுந்தகட்டை இலவசமாக அஞ்சலில் அனுப்பினார்கள். பலர் கைபட்டு வளரும் மென்பொருளுக்குப் பொருத்தமான பெயர்தான். ஆனால் பெயர் வைப்பது எளிய பகுதி. தத்துவவாதிகள் கேட்ட கேள்விகள் இதைவிடக் கடினமானவை.

ஜெச்சே தன் வீட்டுக்குள்ளேயே விளக்கைத் திருப்பினார். உலோகம் உருக்கியவர்கள், உணவைப் புளிக்கவைத்தும் உலர்த்தியும் கெடாமல் வைத்தவர்கள், மூலிகை அறிந்தவர்கள் ஆப்பிரிக்காவில் இருந்தார்கள். அந்த அறிவு ஏன் பெரிய அறிவியலாக வளரவில்லை? காரணங்களை ஆவிகளிடமும் தெய்வங்களிடமும் தேடியதால் சோதனைக்கு இடமில்லாமல் போனது. மருத்துவர் தன் மருந்தைப் பரம ரகசியமாக வைத்துக்கொண்டதால் அவரோடு அதுவும் புதைந்தது என்றார். வெளியிலிருந்து யாரோ கொண்டுவந்து இறக்கும் தொழில்நுட்பம் வேர்பிடிக்காது, தேவையைத் தாமே தீர்மானித்து எடுத்துக்கொண்டு தமதாக்கிக்கொள்ள வேண்டும் என்பது அவர் முடிவு. விரேடுவின் எச்சரிக்கையையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஆப்பிரிக்கக் கிராமத்து நம்பிக்கையை ஐரோப்பிய ஆய்வுக்கூடத்தோடு ஒப்பிடுவது மோசடி, ஐரோப்பியக் கிராமத்து நம்பிக்கையோடு ஒப்பிடுங்கள் என்றார்.

ஹூண்டோன்ஜி வேறு பக்கம் கை நீட்டினார். காலனி ஆட்சியில் பருத்தியும் நிலக்கடலையும் கப்பலேறின, துணியும் எண்ணெயும் திரும்பி வந்தன. அறிவிலும் அதே வணிகம்தான் நடக்கிறது என்றார். மாதிரிகளும் தரவுகளும் ஆப்பிரிக்காவில் சேகரிக்கப்படுகின்றன; கோட்பாடு பாரிஸிலோ லண்டனிலோ உருவாகிறது. ஆப்பிரிக்க ஆய்வாளரும் வெளிநாட்டு இதழ் எதைக் கேட்கிறதோ அதையே ஆராய்கிறார். தன் ஊரின் பிரச்சினை அவர் பட்டியலில் கடைசியில் நிற்கிறது. இதை எழுதியவர் பாரிஸில் ஜெர்மன் தத்துவவாதி ஹுசேர்லைப் படித்துத் தேறியவர், பின்னாளில் பெனினின் கல்வி அமைச்சர். நோயையும் தெரியும், நோயாளியையும் தெரியும்.

ஹூண்டோன்ஜி சொன்னதை அப்படியே கண்ணுக்கு எதிரே காட்டும் செடி ஒன்று தென்னாப்பிரிக்கப் பாலைநிலத்தில் இருக்கிறது. கள்ளியைப் போன்ற ஹூடியா. அங்குள்ள தொல்குடிகளான சான் மக்கள் நெடுந்தூர வேட்டைக்குப் போகும்போது அதன் தண்டை மென்று பசியையும் தாகத்தையும் அடக்குவார்கள். தென்னாப்பிரிக்க அரசின் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் அதிலிருந்த பசியடக்கும் பொருளைப் பிரித்து 1990-களின் நடுவில் காப்புரிமை பெற்றது. உரிமம் பிரிட்டன் நிறுவனம் ஒன்றுக்கும் அங்கிருந்து அமெரிக்க மருந்து நிறுவனம் ஒன்றுக்கும் போனது. எடைகுறைப்புச் சந்தையில் கொட்டப்போகும் பணத்தைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். சான் மக்களிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. விஷயம் பத்திரிகைகளில் வெடித்த பிறகு 2003-இல் ஒப்பந்தம் போட்டார்கள்: மன்றத்துக்கு வரும் உரிமத்தொகையில் 6 சதவீதம் சான் மக்களுக்கு. கடைசியில் அந்த மருந்து சந்தைக்கே வரவில்லை.

இங்கே சிக்கல் பேராசை மட்டும் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. காப்புரிமைச் சட்டத்துக்கு ஒரு கண்டுபிடிப்பாளர் வேண்டும்; பெயர் வேண்டும், தேதி வேண்டும். பல தலைமுறைகள் மென்று மென்று அறிந்த ஓர் உண்மைக்குப் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. அறிபவர் தனிமனிதர் என்ற அனுமானம் சட்டத்துக்குள் முன்கூட்டியே எழுதப்பட்டிருப்பதால், கூட்டமாக அறிந்தவர்கள் அதன் கண்ணுக்குத் தெரிவதில்லை. அனுபவம் சான் மக்களைச் சும்மா விடவில்லை. 2017-இல் தங்களை ஆராய வருபவர்களுக்கென்று தாங்களே ஒரு நெறிமுறை எழுதி வெளியிட்டார்கள். மரியாதை, நேர்மை, நியாயம், அக்கறை, உரிய நடைமுறை என்று அது கேட்கிறது. 2019-இல் தென்னாப்பிரிக்காவின் ரூயிபோஸ் மூலிகைத் தேநீர்த் தொழில், அந்தச் செடியைப் பற்றிய பாரம்பரிய அறிவுக்காக, பண்ணை விலையில் 1.5 சதவீதத்தைச் சான், கோய் தொல்குடி மக்களுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டது.

கென்யாவின் எம்-பெசா என்ற செல்பேசிப் பணச் சேவை இதற்கு எதிர்த்திசையில் போன கதை. சிறுகடன் வாங்கியவர்கள் தவணையைச் செல்பேசியில் கட்டுவதற்காக, பிரிட்டன் அரசின் நிதியுதவியோடு 2005-இல் தொடங்கிய சோதனைத் திட்டம் அது. கடனாளி, கடன் கொடுத்தவர் என்று இரண்டே பேரை மனத்தில் வைத்து வடிவமைத்தார்கள். கையில் கிடைத்த மக்களோ அதில் ஊரிலுள்ள அம்மாவுக்குப் பணம் அனுப்பினார்கள், ஒருவருக்கொருவர் கைமாற்றுக் கொடுத்தார்கள், பயணத்தின்போது பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். நம் ஊர்ச் சீட்டுக் குழுக்களைப் போன்ற 'சாமா' குழுக்கள் அங்கே ஏற்கெனவே ஏராளம். நிறுவனம் புத்திசாலித்தனமாகத் திட்டத்தையே மாற்றி, வீட்டுக்குப் பணம் அனுப்பு என்ற முழக்கத்தோடு 2007 மார்ச்சில் வெளியிட்டது. எம்-பெசாவை ஆப்பிரிக்கத் தத்துவம் கண்டுபிடித்தது என்று சொன்னால் அது புளுகு. தனிமனிதனை அலகாக வைத்துச் செய்த கருவியை, உறவை அலகாக வைத்து வாழும் மக்கள் வேறொன்றாக மாற்றிவிட்டார்கள் என்று சொல்வது சரி.

அதே உறவை ஆயுதமாக்கவும் முடிந்தது. பின்னால் வந்த செல்பேசிக் கடன் செயலிகள் சில, கடன் வாங்கியவரின் தொடர்புப் பட்டியலை உறிஞ்சிக்கொண்டு, தவணை தவறினால் மாமனாருக்கும் மேலதிகாரிக்கும் செய்தி அனுப்பின. மனிதன் மற்ற மனிதர்களால் மனிதனாகிறான் என்பதை அந்த நிறுவனங்கள் நன்றாகவே புரிந்துவைத்திருந்தன. கென்ய மத்திய வங்கி 2022-இல் விதிமுறை கொண்டுவந்து இதைத் தடைசெய்தது. உபுண்டு என்று எழுதிவிட்டால் தொழில்நுட்பம் நல்லதாகிவிடும் என்று நம்புகிறவர்களுக்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் இது.

செயற்கை நுண்ணறிவும் யெகோவா சாட்சிகளும்

செயற்கை நுண்ணறிவில் இந்த வாதங்களுக்கெல்லாம் மறுபடி உயிர் வந்திருக்கிறது. எத்தியோப்பியாவில் பிறந்த அபேபா பிர்ஹானே என்ற அறிதிறன் ஆய்வாளர், மனிதனை மற்றவர்களிடமிருந்து பிய்த்தெடுத்த தரவுப் புள்ளியாகப் பார்ப்பதே இயந்திரங்களின் அநியாயத்துக்கு வேர் என்கிறார். வினய் பிரபுவுடன் சேர்ந்து 2020-இல் அவர் நடத்திய ஆய்வு, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் வைத்திருந்த 8 கோடிப் படங்கள் கொண்ட தொகுப்பில் இனவெறி, பெண்வெறுப்புச் சொற்கள் முத்திரைகளாகக் குத்தப்பட்டிருப்பதைக் காட்டியது. அந்தத் தொகுப்பை எம்.ஐ.டி. திரும்பப் பெற்றது. சபேலோ ம்லாம்பி என்ற ஆய்வாளர் அதே ஆண்டில் எழுதிய கட்டுரையில், பகுத்தறிவை மட்டும் மனிதனின் அடையாளமாகக் கொண்டதால்தான் பகுத்தறியும் இயந்திரம் நம்மை அச்சுறுத்துகிறது, உறவை அடையாளமாகக் கொண்டால் இயந்திரத்திடம் கேட்க வேண்டிய கேள்வியே மாறிவிடும் என்று வாதிட்டார். முதல் பாதி எனக்குப் பிடித்திருக்கிறது. இரண்டாம் பாதியை ஒரு நிரலாளர் திங்கட்கிழமை காலையில் எப்படிச் செயல்படுத்துவார் என்பதுதான் இன்னும் தெளியவில்லை.

ஹூண்டோன்ஜியின் பருத்திக் கப்பலும் திரும்ப வந்திருக்கிறது. சாட்ஜிபிடியைப் பக்குவப்படுத்தக் கொடூரமான எழுத்துகளைப் படித்து வகைப்படுத்திய கென்யத் தொழிலாளர்களுக்கு மணிக்கு 2 டாலருக்கும் குறைவாகவே கூலி கிடைத்தது என்று 2023 ஜனவரியில் டைம் இதழ் எழுதியது. மூலப்பொருள் நைரோபியில், சரக்கு கலிபோர்னியாவில்.

செயலில் இறங்கியவர்களும் உண்டு. 2019-இல் தொடங்கிய மசகானே, ஆப்பிரிக்க மொழிகளுக்கு மொழிபெயர்ப்புக் கருவி செய்ய ஆப்பிரிக்கர்களே கூடிய தன்னார்வக் குழு. சேர்ந்து கட்டுவோம் என்பது பெயர். கண்டத்தில் ஏறத்தாழ 2,000 மொழிகள். கணினிக்குக் கற்றுக்கொடுக்கப் பயன்படும் இணை உரைகள், அதாவது ஒரே விஷயத்தை இரண்டு மொழிகளில் சொல்லும் உரைகள், பெரும்பாலானவற்றுக்கு இல்லை. இருந்தவற்றில் பெரியது, யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் மதப் பிரசுரங்களிலிருந்து ஆய்வாளர்கள் திரட்டிய தொகுப்பு. அந்தப் பிரிவினர்தான் உலகின் சின்னஞ்சிறு மொழிகளிலெல்லாம் அச்சடித்துத் தள்ளுகிறவர்கள். எனவே பல ஆப்பிரிக்க மொழிகளில் முதல் மொழிபெயர்ப்புக் கருவிகள் பிரசங்கியாரின் நடையைக் கற்றுக்கொண்டன. சந்தையில் தக்காளி விலை கேட்பவருக்கு அது எந்த அளவு உதவும்? பிறகு பதிப்புரிமைச் சிக்கலால் அந்தத் தொகுப்பும் விலக்கிக்கொள்ளப்பட்டது. டெம்பெல்ஸ் பாதிரியாரின் காலத்திலிருந்து ஆப்பிரிக்க மொழிகளைப் பற்றிய ஆவணம் மதப் பிரசாரகர்களின் பெட்டியில் இருப்பது மாறவில்லை என்று ஹூண்டோன்ஜி சிரித்திருப்பார்.

மசகானே குழு அடுத்து ஆமாரிக், ஹவுசா, லுவோ, சுவாஹிலி, யோருபா உள்ளிட்ட 10 மொழிகளில் உள்ளூர்ச் செய்தி உரைகளை எடுத்து, அந்தந்த மொழி பேசுபவர்களைக் கொண்டே குறியிட்டு, 2021-இல் தரவுத்தொகுப்பாக வெளியிட்டது. இவர்களின் ஆய்வுக் கட்டுரைகளில் ஆசிரியர் பட்டியல் நீளமாக இருக்கும். நிரல் எழுதியவர்களோடு, மொழிபெயர்த்தவர்களும் தரவு திரட்டியவர்களும் ஆசிரியர்களே. பல்கலைக்கழகப் பதவி உயர்வுக் குழுக்களுக்கு இந்த நீளம் பிடிப்பதில்லை. காப்புரிமைச் சட்டத்துக்குச் சான் மக்களைப் பிடிக்காததைப் போலத்தான்.

அடுத்த சண்டை உரிமையைப் பற்றியது. தரவை எல்லோருக்கும் திறந்துவிட்டால் அதை முதலில் அள்ளிக்கொண்டு போவது பெரிய கணினி வைத்திருப்பவர்கள்தான். பூட்டிவைத்தால் அடுத்த ஊர் மாணவருக்கும் கிடைக்காது. பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் சட்ட ஆய்வாளர்கள் இதற்கென்று ஒரு புதிய உரிமம் எழுதியிருக்கிறார்கள். வளரும் நாட்டவர் தாராளமாகப் பயன்படுத்தலாம். வசதியான நாடுகளின் நிறுவனங்கள் பயன்படுத்தினால் அந்த மொழிச் சமூகத்துக்குத் திருப்பி ஏதாவது செய்ய வேண்டும். அந்தச் சமூகத்தின் பெயரால் கையெழுத்துப் போடும் தகுதி யாருக்கு, இளைஞர்களுக்கா, மூத்தோருக்கா, ஊரைவிட்டு வெளியேறிப் பட்டணத்தில் வாழ்பவருக்கும் அதில் பங்கு உண்டா என்ற வாதம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.